பெங்களூரில் தூதுவளை கிடைக்குமா?

சங்கரன்கோவிலில் இருந்து வந்து ஆறு மாதமாக ஹொரமாவில் குடியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். கூட வந்திருக்கும் அம்மாவுக்குச் சளி பிடித்தால் தூதுவளை வேண்டும், மூட்டு வலித்தால் முடக்கத்தான் வேண்டும், "கட்டடமும் காருமா இருக்கு, இந்த ஊர்ல ஒரு பச்சிலை உண்டா" என்று தினமும் புலம்பல். இங்கே என்னென்ன மூலிகை வளர்கிறது, எங்கே வாங்குவது, அம்மா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதால் எதைத் தரலாம், எதைத் தரக் கூடாது, இதுதான் கேள்வி. இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் போளூர்ப் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். தாவரவியல் படித்தவன், 22 வருடமாக பெங்களூரில் இருக்கிறேன், செடியை அடையாளம் சொல்வது என் வேலையில் பாதி. வைத்தியன் அல்ல. ஆகவே எந்தச் செடி எது, எதற்குப் பயன்படுத்தி வந்தார்கள், எங்கே தவறு நடக்கிறது என்பதைத்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அவர் ஊரில் வேலியோரம் பார்த்த செடிகளில் முக்கால்வாசி இங்கேயும் இருக்கிறது. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்தாலும் இது மலைநாடு இல்லை. செம்மண், பாறை, முட்புதர்க்காடு, எல்லாமே கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து நிலத்தின் தொடர்ச்சிதான். காலி சைட் ஒன்றில் மழை விழுந்து மூன்று வாரம் கழித்துப் போய் நின்றால் குப்பைமேனி, நாயுருவி, தும்பை, மூக்கிரட்டை, கீழாநெல்லி, அம்மான்பச்சரிசி எல்லாம் காலடியில் கிடக்கும். வேலிக்கம்பியில் முடக்கத்தான் ஏறியிருக்கும், அதன் பச்சைப் பலூன் காயை உடைத்தால் உள்ளே கருப்பு விதையில் வெள்ளையாக இதய வடிவப் புள்ளி இருக்கும், ஒருமுறை பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது.

பிரச்சினை செடியில் இல்லை, பெயரில்தான். நான் வந்த புதிதில் கே.ஆர். மார்க்கெட்டில் காலை ஆறு மணிக்கு ஒரு கீரைக்காரம்மாவிடம் "கரிசலாங்கண்ணி இருக்கா" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டார். திரும்பி நடந்தபோது அவர் கூடைக்குப் பக்கத்திலேயே, ஈரச் சாக்கின் மேல், சின்ன வெள்ளைப் பூவோடு அதே கரிசாலைக் கட்டு கிடக்கிறது. எடுத்துக் காட்டியதும் "கரகத சொப்பு" என்றார். அன்றைக்கு ஒரு சின்ன நோட்டு போட்டேன், இடது பக்கம் தமிழ்ப் பெயர், வலது பக்கம் கன்னடப் பெயர். அந்த நோட்டில் இருந்து உங்களுக்குத் தேவைப்படுவது: கீழாநெல்லி இங்கே நெலநெல்லி, ஆடாதோடை ஆடுசோகே, நொச்சி லக்கி, பொன்னாங்கண்ணி ஹொனகொன்னே, மணத்தக்காளி கணிகே சொப்பு, கற்பூரவள்ளி தொட்டபத்ரே, பிரண்டை மங்கரவள்ளி, ஆவாரை தங்கடி, சீந்தில் அம்ருதபள்ளி, நாயுருவி உத்தராணி, வசம்பு பஜே. வல்லாரைக்கு ஒந்தெலகா என்று பெயர், ஒற்றை இலை என்று அர்த்தம், ஒவ்வொரு காம்புக்கும் ஒரே ஒரு இலை நிற்பதைப் பார்த்து வைத்த பெயர். தும்பைக்குப் பெயர் தும்பே, அதில் சிரமமே இல்லை. நாட்டு மருந்துக் கடையை கிரந்திகே அங்கடி என்பார்கள், சிக்பேட்டை, அவென்யூ ரோடு பக்கம் தேடினால் கிடைக்கும்.

தூதுவளைக்கு வருகிறேன். அதற்கு ஸ்ரீராமபுரம், அல்சூர் மாதிரி நம்மவர்கள் அதிகம் இருக்கும் இடத்துச் சந்தைதான் சரி. போகிக்கு முந்தின நாள் ஸ்ரீராமபுரத்துக்குப் போய்ப் பாருங்கள், ஆவாரம்பூ, வேப்பிலை, சிறுபீளை, மாவிலை சேர்த்துக் கட்டிய காப்புக் கட்டு குவிந்து கிடக்கும், அம்மாவுக்கு ஊருக்குப் போய் வந்த மாதிரி இருக்கும். ஆனால் தூதுவளையை வாங்குவதைவிட வளர்ப்பது சுலபம். பென்சில் தடிமனில் முற்றிய குச்சி, ஒரு சாண் நீளம், ஒரு பெரிய தொட்டி, ஏறிப் படர ஒரு கம்பி, வெயில், இவ்வளவுதான் வேண்டும். இலையின் அடிநரம்பிலும் கொக்கி மாதிரி முள் இருக்கும், கிள்ளும்போது இலை நுனியைப் பிடித்துக் காம்பைக் கத்தரியால் வெட்டுவது நல்லது. துவையலுக்கு நெய்யில் வதக்கும்போது முதலில் பச்சை வாடை வரும், அது போய் இலை சுருண்டு முள் மொடமொடவென்று ஆனதும் இறக்க வேண்டும். சளிக்கும் இருமலுக்கும் மிளகு ரசத்தில் நாலு இலை போடுவது நம் பக்கத்து வழக்கம், உணவு அளவில் அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

கன்னடக்காரர்கள் பச்சிலையைச் சமையலில் சேர்க்கிற விதம் நம்மிடமிருந்து கொஞ்சம் வேறு, அதையும் அம்மா கற்றுக்கொண்டால் இந்த ஊர் சீக்கிரம் பழகிவிடும். எங்கள் மேல் வீட்டு ஆன்ட்டி மலைநாட்டுக்காரர். என் பையனுக்குத் தொண்டை கட்டிய ஒரு நாள், எங்கள் மாடியில் இருந்த கற்பூரவள்ளியைப் பார்த்துவிட்டு ஏழெட்டு இலை பறித்துப்போனார். அரை மணி நேரத்தில் ஒரு கிண்ணத்தோடு வந்தார். இலையைச் சீரகம், மிளகோடு நெய்யில் வதக்கி, தேங்காய் சேர்த்து அரைத்து, மோரில் கலக்கித் தாளித்திருந்தார். தம்புளி என்பார்கள். எங்கள் வீட்டில் கற்பூரவள்ளி என்றால் சாறு பிழிந்து தேனில் குழைத்துக் கொடுப்பது அல்லது பஜ்ஜி போடுவது, மோரில் கரைக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. வல்லாரையிலும் இதே தம்புளி உண்டு. நாம் துவையல் அரைக்கும் எதையும் அவர்கள் தம்புளி ஆக்குவார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் "பெரகே சொப்பு" என்று ஒரு கலவைக் கீரை விற்பார்கள், அதை விடாதீர்கள். கோலார், ஹொசகோட்டே பக்கத்து வயலோரங்களில் தானாக முளைக்கிற பத்துப் பன்னிரண்டு கீரையைக் கலந்து கட்டிக் கொண்டுவருவார்கள், பண்ணைக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி எல்லாம் அதில் இருக்கும், கட்டுக்குக் கட்டு கலவை மாறும். விற்கிற பெண்களுக்கு ஒவ்வொரு இலையின் பெயரும் தெரியும், எது வாயுவுக்கு, எது பிள்ளை பெற்றவளுக்கு, எதை முதல் தண்ணீர் வடித்துவிட்டுத்தான் வேகவைக்க வேண்டும் என்றும் தெரியும். எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. நான் இந்த ஊரில் கற்றதில் பாதி அவர்களிடம் கற்றது.

சரி, இப்போது எச்சரிக்கைகள். இதைத்தான் கவனமாகப் படிக்கச் சொல்வேன், ஏனென்றால் பெயர் மாறினாலாவது தேடிக் கண்டுபிடித்துவிடலாம், ஒரே பெயரில் வேறு செடி வந்துவிட்டால் நமக்கே தெரியாமல் உள்ளே போய்விடும்.

கீழாநெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காமாலை என்றால் நம் ஊரில் முதலில் வாயில் வரும் பெயர் இது. 1988இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கோடு சேர்ந்து, இதைக் கிருமி உடம்பில் தங்கிப்போனவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று லான்செட் மருத்துவ இதழில் வந்தது, உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இந்தச் செடிக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் உறவுக்காரச் செடிகள் பல உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. இங்கே பெங்களூர் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் 25 கடைகளில் கீழாநெல்லி என்று விற்றதை வாங்கிச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். 76 சதவீதக் கடைகளில் இருந்தது உண்மையான கீழாநெல்லி, மீதி 24 சதவீதத்தில் அதே குடும்பத்து வேறு ஐந்து இனங்கள். காய்ந்து நொறுங்கிய பிறகு பார்வையில் பிரிப்பது எனக்கே கஷ்டம். பச்சையாக என்றால் பிரிக்கலாம்: சிறு கிளையைத் திருப்பிப் பிடியுங்கள், இலைக்கு அடியில் காய்கள் காம்போடு வரிசையாகத் தொங்க வேண்டும், வழவழப்பாக இருக்க வேண்டும். காய் சொரசொரவென்று காம்பே இல்லாமல் ஒட்டியிருந்து தண்டும் சிவப்போடியிருந்தால் அது செங்கீழாநெல்லி. இதையெல்லாம் பார்த்துப் பறித்தாலும், கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை. காமாலைக்குக் காரணம் கிருமியாக இருக்கலாம், பித்தக்கல் அடைத்ததாக இருக்கலாம், கல்லுக்குக் கீழாநெல்லி ஒன்றும் செய்யாது.

அடுத்தது மஞ்சள் கரிசலாங்கண்ணி. வள்ளலார் கரிசாலையைப் போற்றியதால் நம்மவர்கள் அதைத் தேடித் தேடிச் சாப்பிடுகிறோம். பெங்களூரில் ரோட்டு நடுவிலும், அபார்ட்மென்ட் வாசலிலும், மெட்ரோ தூண்களுக்கு அடியிலும் பளபளவென்ற இலையோடு, மஞ்சள் பூவோடு தரையை மூடிப் படர்ந்திருக்கும் ஒரு செடியைப் பார்த்திருப்பீர்கள். அது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை. தென் அமெரிக்கப் பக்கத்தில் இருந்து அழகுக்காகக் கொண்டுவந்த அதன் உறவுக்காரச் செடி. அதன் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிளந்திருக்கும், நம்முடையது பிளவில்லாமல் நீளமாக இருக்கும். இந்த அழகுச்செடியை மூட்டை மூட்டையாகப் பறித்துக் காயவைத்துப் பொடி செய்தவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் வெள்ளைப்பூ கரிசாலையோடு நின்றுகொள்ளுங்கள், அதில் குழப்பம் குறைவு, தண்டைக் கசக்கினால் கொஞ்ச நேரத்தில் விரல் கறுத்துவிடும், அதுவே சாட்சி.

நெட்டிலிங்க மரமும் இப்படித்தான். இங்கே எல்லோரும் அதை அசோகா என்கிறார்கள். பெண்களின் மாதவிடாய்க் கோளாறுக்குச் சொல்லப்படும் அசோகப்பட்டை செந்நிறப் பூங்கொத்து பூக்கும் வேறு மரத்தினுடையது, கடைப்பட்டையில் நெட்டிலிங்கப் பட்டை கலப்பது வெகுநாளாக நடக்கிறது.

நன்னாரி பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாக எழுத ஆசை. சாவனதுர்கா, தேவராயனதுர்கா பக்கம் பாறைச் சரிவுகளில் நடந்தால், மெலிந்த கொடி, குறுகலான கரும்பச்சை இலை, நடுநரம்பு நெடுக வெள்ளைக் கோடு போட்ட மாதிரி இருக்கும். கிள்ளினால் பால் வரும். வேர் பென்சிலைவிட மெலிசு, மரக்கட்டை மாதிரி இறுக்கம், பட்டையைச் சுரண்டினால் வரும் வாசனை சட்டைப்பையில் மூன்று நாள் இருக்கும். அதே காட்டில், அதே வாசனையோடு, கட்டைவிரல் பருமனுக்கும் மேல் சதைப்பற்றான கிழங்கு வேர் ஒன்று இருக்கிறது, அதுதான் மாகாளி. மார்கழி, தை வாக்கில் மோரில் ஊறுகாய் போடுகிறோமே அதே மாகாளிக்கிழங்கு. இரண்டுக்கும் வாசனை கொடுப்பது ஒரே பொருள், வனிலாவின் வாசனைப் பொருளுக்கு அது அண்ணன் தம்பி முறை. கிழங்கு எடை அதிகம் நிற்கும் என்பதால், நன்னாரி சர்பத்துக்கும் நன்னாரி என்று விற்கும் மருந்துக்கும் மாகாளி வேர் போய்க்கொண்டே இருக்கிறது. நன்னாரியைக் கொஞ்சம் வேர் விட்டு எடுத்தால் மறுபடி துளிர்க்கும். மாகாளியைத் தோண்டினால் கொடி மொத்தமும் போய்விடும், அது தென்னிந்தியாவின் காய்ந்த காடுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத செடி, இன்று உலக அளவில் அழியும் ஆபத்தில் இருப்பதாகப் பட்டியல் இடப்பட்ட செடி. ஊறுகாய் போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது, எங்கள் வீட்டிலும் உண்டு. வருடத்துக்கு ஒரு சின்ன ஜாடியோடு நிறுத்திக்கொள்ளலாம். சர்பத்துக்கு மெலிந்த வேராகக் கேட்டு வாங்குங்கள்.

இந்தியாவில் 1,178 மூலிகை இனங்கள் வியாபாரத்தில் இருப்பதாகவும் அதில் 242 இனங்கள் வருடத்துக்கு 100 டன்னுக்கு மேல் போவதாகவும் 2017இல் கணக்கு எடுத்திருக்கிறார்கள். இதில் காட்டில் இருந்து அப்படியே எடுப்பது நிறைய. வேருக்காகவும் பட்டைக்காகவும் எடுக்கிற செடிகள்தான் முதலில் காணாமல் போகும், இலை கிள்ளுகிற செடி தப்பித்துக்கொள்ளும்.

அம்மாவின் சர்க்கரைக்கு வருவோம். சிறுகுறிஞ்சான் கொடி இந்தக் காடுகளிலும் உண்டு, இங்கே மதுநாசினி என்பார்கள். ஒரு இலையை நன்றாக மென்று துப்பிவிட்டு, ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுப் பாருங்கள். மண்ணைக் கடித்த மாதிரி இருக்கும். கால் மணி, அரை மணி நேரத்துக்கு இனிப்பு என்பதே நாக்குக்குத் தெரியாது, அந்த இலையில் உள்ள அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தை அடைத்துவிடுகின்றன. ரத்தச் சர்க்கரையையும் அது குறைக்கக்கூடியது, அதனால்தான் பயப்பட வேண்டும். மாத்திரையும் போட்டு, பொடியும் தினம் ஒரு ஸ்பூன் சாப்பிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, வியர்த்து மயங்கி விழும் நிலை வரலாம். கொடுப்பதானால் மாத்திரை எழுதிய டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான். நித்தியகல்யாணி இலையைச் சர்க்கரைக்கு மெல்கிறவர்கள் உண்டு, உங்கள் அபார்ட்மென்டிலேயே யாராவது அம்மாவுக்குச் சொல்லக்கூடும். வேண்டவே வேண்டாம். புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகளை எடுப்பது அந்தச் செடியில் இருந்துதான், ஆஸ்பத்திரியில் அளந்து ஏற்ற வேண்டிய சரக்கு அது.

சீந்தில் பற்றியும் ஒரு வார்த்தை. கொரோனா நேரத்தில் பெங்களூரில் அம்ருதபள்ளி தொட்டி இல்லாத பால்கனி குறைவு, தினமும் கஷாயம். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் இதைத் தொடர்ந்து சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததாக மருத்துவர்கள் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை, செடியின் அடையாளமே உறுதி செய்யப்படவில்லை என்றது. யார் பக்கம் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. காய்ச்சலுக்கு நாலு நாள் குடிப்பது ஒன்று, மாதக்கணக்கில் குடிப்பது வேறொன்று. நம் முன்னோர் வழக்கத்தில் மாதக்கணக்குக் கஷாயம் வைத்தியர் மேற்பார்வை இல்லாமல் கிடையாது.

பழமையான வழக்கம் என்பதாலேயே ஆபத்தில்லை என்றும் நினைக்கக் கூடாது. ஈசுவரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் நம் பக்கத்துப் பெயர் பெற்ற மூலிகைகள், இங்கே ஈஸ்வரி பேரு என்று வேர் விற்பார்கள், பாம்புக்கடிக்கு என்பார்கள். அந்தக் குடும்பத்துச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும், இது உலக அளவில் நிரூபணம் ஆன விஷயம். பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரி மட்டும்தான். எங்கள் ஆயாவே அந்த வேரை வீட்டு வாசலில் கட்டிவைத்திருந்தாரே தவிர யாருக்கும் அரைத்துக் கொடுத்ததில்லை.

எங்கே பறிக்கலாம் என்றால், சொந்தத் தொட்டியில், தெரிந்தவர் தோட்டத்தில். ஏரிக்கரையில் வேண்டாம். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் என்ன தண்ணீர் ஓடுகிறது என்பது நுரை பொங்கியதிலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் சேற்று ஓரத்தில் கொழுகொழுவென்று வளரும், அந்தத் தண்ணீரில் உள்ள ஈயம், காட்மியத்தையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். ரோட்டோரச் செடியும் வேண்டாம், காலி சைட்டில் களைக்கொல்லி அடித்திருப்பார்கள். அங்கெல்லாம் போய்ப் பார்த்துப் பழகுங்கள், பறிக்க வேண்டாம். காப்புக்காட்டில் வேர் தோண்டுவது சட்டப்படியும் குற்றம்.

பார்த்துப் பழக நல்ல இடங்கள் இங்கே இருப்பது நம் அதிர்ஷ்டம். யெலஹங்கா பக்கம் 1993இல் தொடங்கிய எஃப்.ஆர்.எல்.எச்.டி. என்ற அமைப்பு நாட்டு மருத்துவச் செடிகளுக்கென்றே வேலை செய்தது, அதே வளாகத்தில் இப்போது டி.டி.யு. பல்கலைக்கழகம் இருக்கிறது, பெயர்ப்பலகையோடு மூலிகைத் தோட்டம் உண்டு. ஜி.கே.வி.கே. வளாகத்திலும் மூலிகைத் தோட்டம் இருக்கிறது, ஹொரமாவில் இருந்து தூரமும் இல்லை. போவதற்கு முன் அனுமதி நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவை ஒரு நாள் கூட்டிப்போங்கள், பலகையைப் பார்க்காமலே அவர் பெயர் சொல்வார், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

பால்கனிக்கு இப்போதைக்கு ஐந்து தொட்டி போதும்: தூதுவளை, கற்பூரவள்ளி, துளசி, மணத்தக்காளி, பிரண்டை. பிரண்டை நறுக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள், துவையலில் புளியைக் குறைக்க வேண்டாம், இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும், இது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. மணத்தக்காளிக் காயைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம், வற்றல் போடுங்கள், பழம் சாப்பிடலாம். தூதுவளைக் குச்சியை மே மாத மழைக்கு நட்டால் ஆகஸ்டில் கிள்ளத் தொடங்கலாம்.

எனக்கு அம்மாவிடம் கேட்க ஒன்று இருக்கிறது. எங்கள் போளூர்ப் பக்கம் மேலாநெல்லி என்று ஒரு செடியைச் சொல்வோம், காய் இலைக்கு மேலே தெரிகிற மாதிரி நிமிர்ந்து நிற்கும். தென்மாவட்டத்தில் அந்தப் பெயரால் எதைச் சொல்கிறார்கள், அந்தச் செடிக்குப் பூ என்ன நிறம் என்று கேட்டு எழுதுங்கள். என் நோட்டில் அந்த வரி இன்னும் காலியாக இருக்கிறது.